யூங் பார்க்காமல் நின்ற நண்டுகள்

ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்த பழம்பொருள்களில் யூங் பாக்-ஹோயின் விரல் படாதது ஒன்றுகூடக் கிடையாது. சக்கரவர்த்தி வாய் கொப்பளித்த கிண்ணம், சக்கரவர்த்தினி கோபத்தில் வீசியும் உடையாத தட்டு, இரவோடு இரவாக ஓடிப்போன மந்திரி மறந்து விட்டுப்போன மூக்குப்பொடிக் குப்பி, எல்லாவற்றையும் அவர் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "சுமார்தான்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியும் அதிகம் என்பவர்கள் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

யூங்குக்குத் தொழில் ஷியுங் வானில் உலர்மீன் கடை. கடல் அட்டை, மீன் காற்றுப்பை, காய்ந்த சிப்பிச் சதை என்று கூரை முட்ட மூட்டைகள். அட்டையை விரலால் ஒரு நிமிண்டு நிமிண்டினால் எந்தக் கடலில் பிடித்தது என்று சொல்லிவிடுவார். அதே விரலைத்தான் பழைய பட்டிலும் காகிதத்திலும் வைப்பார். ஏலம் போடுகிறவர்கள் விற்பனைக்கு முன்னால் சில நாள் பொருள்களைக் காட்சிக்கு வைப்பார்களே, அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் எதை வேண்டுமானாலும் இறக்கிக் காட்டச் சொல்லலாம். வெள்ளைக் கையுறை போட்ட பெண் கோடி டாலர் பொருளைக்கூட மேசைமேல் வைத்து, "பாத்துக்குங்க ஐயா" என்பாள். இப்படி ஒரு சுகம் இருக்கும்போது கடையில் மூட்டையைப் பார்த்துக்கொண்டு யார் உட்காருவது? ஏலம் நடக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் யூங்கைக் கடையில் பார்க்க முடியாது.

மற்றக் காலத்திலும் அவரை ஒரு இடத்தில் பார்க்க முடியாது என்பது வேறு விஷயம். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் சட்டைப் பையில் சில்லறை ஆடும். பால் டீ குடிக்கப் போனால் டீ வருவதற்குள் மூன்று மேசை மாறி உட்காருவார். அவருடைய மனைவி லாய்-குவான் கல்லாவை விட்டு நகராதவள். "முதலாளி நடக்கற நடைக்கு, தரை தேஞ்சதுன்னு வீட்டுக்காரன் தனியா பில்லு அனுப்பப் போறான்" என்பாள். கணவர் வாங்கி வரும் ஓவியங்களுக்கு அவள் வைத்திருந்த பெயர் பூஞ்சைக் காகிதம். வாரத்தில் மூன்று நாள் மாஜாங் ஆட்டம், மற்ற நாள் கணக்கு. கலைக்கும் அவளுக்கும் அவ்வளவு தூரம் என்றுதான் தெருவே நினைத்திருந்தது.

யூங்கின் அலைச்சலுக்குக் காரணம் ஒன்று உண்டு. அது கடைக்குப் பின்னால், கடல் அட்டை மூட்டைகளுக்கும் அந்தப் பக்கம், சுவரில் தொங்கியது. மூன்று சுருள் ஓவியங்கள், பக்கத்தில் ஒரு வெற்று ஆணி.

நான்கு பருவத்துக்கு நான்கு சுருள் வரைவது அந்தக் காலத்து வழக்கம். இவற்றை வரைந்தவர் சீனாவில் ஷுன்டக் பக்கத்து ஆள், 'வடக்குக் குளத்துச் சோம்பேறி' என்று தனக்குத் தானே பட்டம் வைத்துக்கொண்டவர். உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. யூங் கண்டுகொண்டார். இளவயதில் ஹாங்காங் ஹாலிவுட் ரோட்டுப் பழம்பொருள் கடை ஒன்றில் முதலில் கிடைத்தது குளிர்காலம், பனிமூடிய கதவும் ஒரு குருவியும். பிறகு கனடாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது வசந்தம், மூங்கில் குருத்தும் கோழிக்குஞ்சும். அப்புறம் மக்காவ் ஊரில் ஒரு அடகுக்கடையில் கோடை, தாமரையும் தவளையும். இலையுதிர் காலம் மட்டும் அகப்படவே இல்லை.

படம் மட்டும் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு சுருளின் மூலையிலும் சோம்பேறி ஒரு வரி எழுதியிருந்தார். நான்கும் சேர்ந்தால் ஒரு கவிதை. வசந்தத்தில், 'குருத்து மண்ணை முட்டுகிறது, நான் இன்னும் எழவில்லை.' கோடையில், 'தவளைக்குத் தொண்டை கட்டிவிட்டது, நான் இன்னும் பாடவில்லை.' அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் குளிர்காலத்தில், 'பனி வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனது.'

இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவில் அந்த மனிதருக்கு என்ன நடந்தது? எழுந்தாரா? பாடினாரா? காதலித்தாரா, கடன் வாங்கினாரா? கவிதையில் மூன்றாம் வரிதான் திரும்பும் இடம். அந்தத் திருப்பத்தில்தான் யூங் முப்பது வருடமாக நின்றுகொண்டிருந்தார். தானே வரி கட்டிப் பார்ப்பார், கையில் அகப்பட்ட காகிதத்தில் எழுதுவார், அதிலேயே சரக்கும் மடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு தடவை ஒரு அம்மா காகிதத்தோடு திரும்பி வந்து, "'நிலா ஏறிடுச்சு, செருப்பக் காணோம்'னு போட்டிருக்கு. அட்டைய எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

மூன்று சுருள் தன்னிடம் இருப்பதை அவர் சேகரிப்புக்காரர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தீர்ந்தது. மூன்று வைத்திருப்பவன் நான்காவதை எந்த விலைக்கும் வாங்குவான் என்று தெரிந்தால், எவனாவது அதைத் தேடிப் பிடித்து வந்து அவர் கடையையே எழுதிக் கேட்பான்.

அந்த இலையுதிர் காலத்தில் நண்டு வந்தது.

வான்சாயில் ஒரு ஓட்டல் மண்டபம். ஓவியம், ஜாடி, நாற்காலி எல்லாவற்றையும் ஒரே நாளில் கலந்துகட்டி விற்கும் சின்ன ஏலக்காரர்கள். அவர்களுடைய புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் தபால் தலை அளவுக்கு ஒரு படம்: இலையுதிர் காலத்துக்கே உரிய சாமந்தி, இரண்டு நண்டு, மூலையில் ஈ எச்சம் மாதிரி எழுத்து. யூங் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எழுத்து பெரிதாகவில்லை, அச்சுப் புள்ளிதான் பெரிதானது. ஆனால் நண்டின் கால் நடுக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சோம்பேறியின் கை.

இங்கே சேகரிப்புக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது. முன்காட்சியில் நூறு கண்கள் உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வேண்டியதற்குப் பக்கத்தில் இருப்பதை உருகி உருகிப் பார்க்க வேண்டும். வேண்டியதற்கு முதுகைக் காட்ட வேண்டும்.

நண்டுச் சுருளுக்கு எதிரே ஒரு பச்சை ஜாடி இருந்தது. குட்டை, பெருவயிறு, மேலே பல்வலி வந்த மாதிரி ஒரு டிராகன். யூங் நண்டுக்கு முதுகைக் காட்டி, ஜாடியின் முன்னால் நின்றார். டார்ச் அடித்தார். கவிழ்த்துக் காட்டச் சொன்னார். காட்சி நடந்த மூன்று நாளும் நின்றார்.

மூன்று நாளும் அந்த வரி அவர் முதுகுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் தொங்கியது. திரும்பினால் படித்துவிடலாம். திரும்ப முடியாது. இரண்டாம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஜாடியின் வயிற்றில், அந்தப் பச்சைப் பளபளப்பில், பின்னால் தொங்கும் சுருள் தெரிந்தது. புளியங்கொட்டை அளவுக்கு, வளைந்து, இடம் வலமாகி. குனிந்தால் நண்டு பருத்தது, எழுத்து நழுவியது. நிமிர்ந்தால் எழுத்து வந்தது, டிராகனின் பல்லில் மாட்டிக்கொண்டது. யூங் ஏறி, இறங்கி, சாய்ந்து, முழங்கால் மடக்கி அந்த ஜாடியைப் பார்த்த பார்வையை எந்த மாப்பிள்ளையும் எந்தப் பெண்ணையும் பார்த்திருக்க மாட்டான்.

இதையெல்லாம் ஃபொக் பார்த்துக்கொண்டிருந்தான். வழுக்கைத் தலை, ஹாலிவுட் ரோட்டில் பழம்பொருள் கடை, யூங்கின் கண் போகும் இடத்துக்குத் தன் பர்ஸை அனுப்பிப் பழகியவன்.

"என்ன ஹோய் அண்ணே, இந்தப் பானைல அப்படி என்னத்தக் கண்டுட்டீங்க? நேத்தும் இங்கயேதான் நின்னீங்க."

"ஒண்ணுமில்லடா. கால் வலிச்சுது, நின்னேன்."

"கால் வலிச்சா உக்காருவாங்க. டார்ச் அடிச்சு அடிப்பக்கம் பாக்க மாட்டாங்க."

"உனக்கு எதுக்கு? உன் கடைல இருக்கற போலிக்கே இடம் பத்தல."

"போலியா? போன வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா அழுதுகிட்டே வாங்கிட்டுப் போனாங்க."

"விலையக் கேட்டு அழுதிருப்பாங்க."

ஃபொக் சிரித்தான். சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தவன், "பின்னாடி தொங்குதே, அந்த நண்டு எப்படிண்ணே?" என்றான்.

யூங்கின் பையில் சில்லறை ஒரு குலுங்கு குலுங்கியது.

"எந்த நண்டு?"

"உங்க முதுகுக்குப் பின்னாடிதான்."

"ஓ, அதுவா. பூச்சி அரிச்சது. எழுத்தப் பாரு, குடிச்சுட்டுக் கிறுக்கின மாதிரி. நண்டுக்கு ஒரு கால் வேற குறையுது."

"திரும்பவே இல்லியேண்ணே, அதுக்குள்ள கால எண்ணிட்டீங்களா?"

"உள்ள வரும்போதே ஒரு பார்வை பாத்தேன். அதுக்கு அவ்வளவு போதும்."

யூங் பாக்-ஹோய் சரியில்லை என்று சொன்னால் அந்த மண்டபத்தில் அது மளமளவென்று பரவும். சாயங்காலத்துக்குள் நண்டுக்கு ஒரு கால் குறைவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் கிட்டப் போய் எண்ணவில்லை.

ஏலத்தன்று காலை யூங் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து நடந்து சாப்பிட்டார்.

"உக்காந்து குடிச்சா கஞ்சி கசக்குமா?" என்றாள் லாய்-குவான்.

"நேரமாச்சு."

"மூணு மணிக்குத்தான ஏலம்? இப்ப எட்டு."

"டிராம் நெரிசலா இருக்கும்."

"ஏழு மணி நேரம் நெரிசலா? நடந்தே போனாக்கூட சீனாவுக்குள்ள போய்ச் சேந்துடலாம். என்ன முதலாளி, மறுபடியும் பூஞ்சைக் காகிதமா?"

"இல்ல இல்ல, ஒரு ஜாடி. சும்மா வேடிக்கை பாக்கத்தான்."

"ஜாடியா? வெச்சு என்ன பண்றது, உப்புல முட்டை ஊறப்போடறதா?"

யூங் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ரத்த அழுத்த மாத்திரை கல்லாவின்மேல் அப்படியே இருந்தது. மதியத்துக்குமேல் லாய்-குவான் அதைப் பார்த்தாள், திட்டினாள், கடையைப் பையனிடம் விட்டுவிட்டுத் தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு டிராம் ஏறினாள்.

அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பச்சை ஜாடி மேலே வந்துவிட்டது. யூங் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிய ஆட்டத்தில் அந்த வரிசை நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து ஆடின. மரியாதைக்கு அவரும் ஒருமுறை விலை கேட்கும் எண் அட்டையைத் தூக்கினார். அவ்வளவுதான், ஃபொக் பாய்ந்தான். இன்னொரு ஆளும் யூங்கின் கண்ணை நம்பி வந்தவன்போல, அவனும் பாய்ந்தான். மேடையில் கறுப்புக் கோட்டுப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டாள். கடைசியில் சுத்தியல் ஃபொக் பக்கம் விழுந்தது. முகமெல்லாம் வியர்வையோடு திரும்பி யூங்கைப் பார்த்து வெற்றியாகச் சிரித்தான். யூங் தோற்றவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். உள்ளுக்குள் என்ன குதி குதித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு பேர் வெள்ளைக் கையுறையோடு நண்டுச் சுருளை ஏந்தி வந்தார்கள்.

"அடுத்தது, சாமந்தியும் நண்டும். வரைஞ்சவர் ஷுன்டக் ஆளுன்னு மட்டும் தெரியுது. முப்பதாயிரத்துல ஆரம்பிக்கலாமா?"

யாரும் அசையவில்லை.

யூங்கும் அசையவில்லை. வேண்டியவன் முதலில் அட்டையைத் தூக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். முதலில் யாராவது ஒருவன் தூக்குவான், இரண்டாமவன் தூக்குவான், அவர்கள் களைத்த பிறகு சோம்பலாக, கொட்டாவி விடுகிற மாதிரி, நாம் தூக்க வேண்டும். இதுநாள் வரை அப்படித்தான். அட்டை மடியில் இருந்தது.

"இருபத்தஞ்சு? இருபத்தஞ்சாயிரம், யாராவது?"

பின்வரிசையில் ஒருவன், "கால் கம்மியாமே" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இதோ தூக்குவான் ஒருவன், இதோ, இதோ என்று யூங் காத்திருந்தார். முதல்முறையாக அந்த எழுத்தை நேருக்கு நேர் பார்த்தார். மூன்றாம் வரிசையிலிருந்து அது எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கலாமா? துடைத்தால் ஆசை தெரிந்துவிடும். அவர் கால்கூட ஆடவில்லை.

"சரி. விலை போகலை, அடுத்தது பாக்கலாம்" என்றாள் மேடைப் பெண். சுத்தியலைத் தட்டினாள். நண்டுகள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போயின.

முப்பது வருடமாக ஒரு பொருளைத் தேடிய மனிதர் அதன் எதிரிலேயே உட்கார்ந்து அதை அனுப்பிவைத்தார். மறைப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் இந்த ஊரில் யாரும் இல்லை என்பதற்கு இனி சாட்சி வேண்டாம்.

அந்தச் சுத்தியல் சத்தம் காதில் ஏறி மூளையை எட்ட அவருக்கு அடுத்த இரண்டு பொருள் விற்கும் நேரம் ஆனது. எட்டியதும் எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. போகாத பொருளை ஏலம் முடிந்த கையோடு, ஏன், நடக்கும்போதேகூட, வெளியே கவுண்ட்டரில் கேட்டு வாங்கலாம். உடைமைக்காரர் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச விலை கொடுத்தால் போதும். யூங் முழங்கால்களை இடித்து, ஒரு சீமாட்டியின் கைப்பையைத் தாண்டி, வெளியே ஓடினார்.

"அந்த நண்டு! சுருள்! போகலையே, அது, அத நான் எடுத்துக்கறேன்."

கவுண்ட்டர்ப் பெண் கனிவாகச் சொன்னாள். "மன்னிச்சுக்குங்க ஐயா. இப்பத்தான் வித்துப்போச்சு. இந்த அம்மா வாங்கிட்டாங்க."

யூங் திரும்பினார். லாய்-குவான் ரசீதை நாலாக மடித்துத் தள்ளுவண்டிப் பைக்குள், வெங்காயத் தாளுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"முதல்ல இத முழுங்குங்க." உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். "ஓடிவந்த மூஞ்சியப் பாருங்க, நண்டு வெந்த கலருக்கு."

"உனக்கெப்படித் தெரியும், இது அந்த..."

"வருஷா வருஷம் புத்தாண்டுக்கு முன்னாடி மூட்டைக்குப் பின்னாடி தூசி தட்டறது யாரு, உங்க ஃபொக்கா? உங்க மூணு படத்துலயும் இருக்கற அந்தப் பழுப்புத் துணிய, அந்தக் கோணல் முத்திரைய எனக்குத் தெரியாதா? அத விடுங்க. நீங்க கால் ஆட்டாம உக்காந்திருந்தீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட ஆட்டினவரு நீங்க. நான் பயந்தே போயிட்டேன்."

யூங் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.

பிறகு நடந்ததை நான் எங்கே சொல்லி முடிப்பது! டிராமின் மேல்தட்டில், முன்னிருக்கையில், நடுவில் சுருளை வைத்துக்கொண்டு இருவரும் புதுமணத் தம்பதிபோல் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அதை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்து, "உங்களுக்குத்தான், என் பரிசு" என்றாள். அவர் கண்ணீரோடு மூன்றாம் வரியை உரக்கப் படித்தார். தெருவில் போனவர்களெல்லாம் நின்றார்கள். டிராம் ஓட்டுநர் மணியடிக்க மறந்தார். அன்று முதல் யூங் பாக்-ஹோய் உட்கார்ந்தால் கல் மாதிரி உட்காருகிறார்.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் லாய்-குவான். நான் எழுதிய இந்தக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், எதிரே தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தவள் தொலியை நிதானமாகத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "பரிசுன்னு எவ சொன்னா? ரசீது என் பேர்ல இருக்கு. சுருள் என் அலமாரிக்குள்ள இருக்கு, சாவி என்கிட்ட இருக்கு. அவரு இன்னும் ஒரு எழுத்துகூடப் பாக்கல. தினமும் விலையேத்திக் கேக்கறாரு, நேத்து கடையோட பின்பாதிய என் பேருக்கு எழுதித் தரேன்னாரு. அந்தச் சோம்பேறிக் கிழவன் எழுத்து ஒரே கிறுக்கலா இருக்கு, இதுவரைக்கும் மூணு எழுத்துதான் எனக்குப் பிடிபட்டிருக்கு. மீதியும் நானாப் படிச்சு முடிக்கிற வரைக்கும் யாருக்கும் காட்டறதா இல்ல. அப்படின்னு மாத்தி எழுது."